அவள் கேட்டது அதை இல்லை

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகள் சர்க்கரை அளவை எழுதி வரும் நோட்டைப் பார்க்கும்போது மீட்டரையும் வாங்கி மெமரியைத் தட்டிப் பார்த்துவிடுவேன். நோட்டில் எல்லா நாளும் 120, 130 என்று ஒரே பேனாவில் அழகாக எழுதியிருக்கும், மீட்டரில் வேறு கதை ஓடும். இந்தப் பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு டியூஷன் நாட்களின் ராத்திரி மட்டும் 300-ஐத் தாண்டியிருந்தது. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன். டியூஷன் முடிந்ததும் பேக்கரியில் ஒரு பையனோடு முட்டை பப்ஸ், ஜூஸ். அவன் முன்னால் இன்சுலின் பேனாவை எடுக்கக் கூச்சமாம், அதனால் போடுவதே இல்லை.

அப்புறம் அவளே கேட்டாள். "அவன்கிட்ட சொல்லலாமா அக்கா?"

"கண்டிப்பா சொல்லு. திடீர்னு 70-க்குக் கீழ இறங்கிக் கை நடுங்கினா, மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கித் தரணும்னு பக்கத்துல இருக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா?"

"நான் அதைக் கேக்கலக்கா" என்று சிரித்துவிட்டு நோட்டை மூடினாள்.

என் பதிலில் தப்பில்லை, நாளைக்கு யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஆனால் தெரிந்த பிறகும் அவன் பேசுவானா என்பதுதான் அவள் கேள்வி, அதற்கு நான் என்னத்தைச் சொல்ல? போதாக்குறைக்கு அவள் அம்மா, விருந்தாளி வந்தால் ஃப்ரிட்ஜில் இன்சுலினைக் காய்கறிக்கு அடியில் ஒளித்து வைக்கிறவர். "நாளைக்குக் கல்யாணம்னு வந்தா பேச்சு வரும் சிஸ்டர்" என்பார். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் கல்யாணத்துக்கும் குழந்தைக்கும் இது தடையில்லை என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று, தலையை ஆட்டிவிட்டுப் போவார். வீடே மறைக்கிற விஷயத்தை பேக்கரி வாசலில் போட்டு உடைக்கச் சொல்ல நான் யார்? இல்லை, ஊசியைத் தவிர்த்துத் தவிர்த்து, ரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலம் ஏறி, வாந்தியும் மூச்சிரைப்புமாக ஐசியூவுக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்தவள் நான், எனக்கு அவள் காதலைவிட அந்த ஊசிதான் பெரிது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

அடுத்த ரிவ்யூவில் மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் HbA1c 9.8 சதவீதத்திலிருந்து 8.4-க்கு வந்திருந்தது. அம்மாவை வெளியே அனுப்பட்டுமா என்று கண்ணைக் காட்டினேன். "அம்மா இருக்கட்டும்" என்றுவிட்டாள். அவனிடம் சொல்லிவிட்டாளா, அவனையே விட்டுவிட்டாளா, இல்லை பப்ஸை மட்டும் விட்டாளா? 8.4-ஐ வைத்து இதெல்லாம் தெரியாது. கூட வேலை பார்க்கும் தோழி, "கேட்டுத்தான் தொலையேன்" என்கிறாள். கேட்டால் அது கவுன்சிலிங்கா வம்பா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது, அதற்குள் அடுத்த ரிவ்யூ வேறு வந்துவிட்டது.