எந்த நரம்பு?

போன வாரம் ஆயாவ காரைக்குடில ஒரு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன், ரெண்டு மாசமா பாதம் மரத்துப் போகுது, செருப்பு நழுவுறதே தெரியலங்குறாக. டாக்டர் பாத்துட்டு சுகர்னால நரம்பு பாதிச்சிருக்குன்னாரு. கொஞ்ச நேரத்துல ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் முழங்கைய தட்டித் தட்டிப் பாத்துட்டு "பாட்டிக்கு நரம்பே கிடைக்கல"ன்னுச்சு. ஆயா என்னையப் பாத்து, "ஏன் ராசா, கெட்டுப்போச்சுன்னு சொன்னதும் அதுதானே, அதுலயே குத்துறாகளே"ன்னாக.

சிரிச்சுட்டேன், ஆனா பதில் வரல. ரத்தம் ஓடுறதும் நமக்கு நரம்பு, உணர்ச்சி ஓடுறதும் நரம்பு, யாழ்ல கட்டுனதும் நரம்புதான். ரத்தக்குழாய்க்கு சிரை, தமனின்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம், எவன் பேசுறான்.

ராத்திரி சித்தப்பா மகன்கிட்ட போன்ல சொன்னேன், அவன் இருக்கறது வியட்நாம்ல சைகோன், எங்க பாட்டையா கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்குப் போன அதே ஊரு. அங்க நரம்புக்கு 'தன் கிங்'காம், கோவத்துல ஒருத்தன லூசுன்னு திட்டவும் அதையேதான் சொல்வாகளாம். அட, கொரியன் சீரியல்ல அடிக்கடி காதுல விழுற 'சின்கியோங்' இதானே! சீனால 'ஷென்ஜிங்', ஜப்பான்ல 'ஷின்கெய்'. நாலும் ஒரே வார்த்தை.

தோண்டிப் பாத்தா ஆரம்பிச்சது ஜப்பான்ல. 1771ல எடோவுல, அதாவது இன்னைக்கு டோக்கியோ, சுகிதா கென்பாக்கு, மயேனோ ரியோதாக்குன்னு வைத்தியருக, மரண தண்டனை குடுத்த ஒரு பொம்பளையோட உடம்ப அறுக்குறத பாக்கப் போயிருக்காக, கூடவே ஒரு டச்சு புத்தகம். அதுல படத்துல இருக்கறது அப்பிடியே உள்ள இருக்கு, காலங்காலமா நம்பி வந்த சீன வைத்தியப் படந்தான் ஒத்து வரல. உடனே மொழிபெயர்க்க உக்காந்துட்டாக, உருப்படியா ஒரு அகராதிகூட கிடையாது. 1774ல புத்தகம் வந்துச்சு, 'கைதாய் ஷின்ஷோ'.

ரத்தக்குழாய்க்கு அவுககிட்ட ஏற்கனவே வார்த்தை இருந்துச்சு, டச்சுக்காரன் தனியா சொன்ன இன்னொரு சாமானுக்கு, அதான் உணர்ச்சி ஓடுற நரம்புக்குத்தான் இல்ல. அதனால உயிர்ச்சக்திங்குற வார்த்தைலேர்ந்து ஒரு எழுத்து, அது ஓடுற தடத்துலேர்ந்து ஒரு எழுத்து, ரெண்டையும் ஒட்டி 'ஷின்கெய்'. பின்னாடி அது சீனா, கொரியா, வியட்நாம்னு போயிருச்சு, வியட்நாம்காரங்க சீன எழுத்தையே விட்டுட்டு ரோமன் எழுத்துக்கு மாறியும் சத்தம் மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஜப்பான்லேர்ந்து எங்க ஊரு வீட்டுச் சுவத்துக்கு டைல்ஸ் வந்துச்சு, இது வரல!

இன்னொன்னு, சீட்டையெல்லாம் கவுத்துப் போட்டு ஜோடி கண்டுபிடிக்கிற விளையாட்டுக்கு ஜப்பான்ல 'ஷின்கெய் சுய்ஜாக்கு'ன்னு பேரு. அப்பிடின்னா நரம்புத் தளர்ச்சி. எவனோ தோத்த கடுப்புல வச்சிருப்பான்.

நேத்து திரும்ப ரத்தம் எடுக்கப் போனோம். ரத்தக்குழாய்னு சொல்லுங்க ஆயான்னு கார்லயே சொல்லி வச்சேன். காதுல வாங்குனாத்தானே. நர்ஸ்கிட்ட கைய நீட்டி, "ஆத்தா, மரத்துப் போற நரம்புல போடாத, பச்ச நரம்புல போடு"ன்னாக. அதுக்கு டக்குனு புரிஞ்சிருச்சு, ஒரே குத்துல கிடைச்சிருச்சு.