நான்காவது சரணம்

“இந்தக் கடைசிச் சரணம் இல்லாமல் பாட்டு நிற்குமா?” என்று கேட்டார். “நிற்கும்” என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். அந்தக் கூட்டம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆந்தொங்கிலிருந்து சியோலுக்குப் பேருந்தில் போகும்போதும், ராத்திரி மிக்ஸிங் செய்ய ஹெட்ஃபோனை மாட்டும்போதும் அந்த ‘நிற்கும்’ காதில் விழுகிறது. பொய் சொன்னேனா என்றால் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன்.

பதினாறாம் நூற்றாண்டுக் கொரியத் தத்துவ அறிஞர் தொய்கே யி ஹ்வாங்கைப் பற்றி ஐந்து பாட்டு, பழைய ஓட்டு வீட்டு முற்றத்தில் ஒரு நிகழ்ச்சி. வரிகளை எழுதியவர் அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி. எழுதுகிறவர்களை இங்கே மரியாதையாகச் சாக்கானிம் என்பார்கள், நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். மெட்டும் இசைக்கோப்பும் என் வேலை. சென்னையில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்து, மேற்படிப்புக்கென்று கொரியா வந்து, இங்கேயே தங்கிவிட்டவன் நான். 1000 வொன் நோட்டில் இருக்கும் முகமாகத்தான் தொய்கே எனக்கு முதலில் அறிமுகம்.

தத்துவத்தைப் பாட்டாக்கச் சொன்னால் எங்கே பிடிப்பது? 1559-ல் தொடங்கிப் பல வருடம், தொய்கேயும் அவரைவிட 26 வயது இளையவரான கி தேசுங்கும் கடிதத்திலேயே வாதாடினார்கள். மனிதனுக்குள் இயல்பாக எழும் நல்ல உணர்வுகள் நான்கும், கோபம், மகிழ்ச்சி முதலான ஏழும் ஒரே இடத்தில் பிறக்கின்றனவா, வேறு வேறு இடத்திலா என்பது வாதம். அதை அப்படியே மெட்டில் உட்கார வைத்தபோது பரீட்சைக்குப் பாடம் ஒப்பிப்பதுபோல் இருந்தது. சாக்கானிம் நான்கு பக்கத்தை அடித்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்: பழைய சீன ஞானி மென்சியஸ் சொன்ன கிணற்றங்கரைக் குழந்தை. தவழ்ந்து கிணற்றை நோக்கிப் போகும் குழந்தையைத் திடீரென்று பார்க்கிற எவருக்கும் நெஞ்சு பதறும். அதன் பெற்றோரிடம் நல்ல பெயர் வாங்குவதற்காக வருகிற பதற்றம் இல்லை அது. நான்கு உணர்வுகளில் முதலாவது அந்தப் பதற்றத்திலிருந்துதான் முளைக்கிறது.

“அது யார் வீட்டுக் குழந்தை என்று பதற்றம் கேட்காது, இல்லையா?” என்றார் சாக்கானிம். ஐந்தாவது பாட்டு அங்கேதான் பிறந்தது.

1570, தொய்கேயின் கடைசி வருடம். தலைநகர் ஹான்யாங்கில் இருந்த பேரனின் மகன் சாங்யாங்குக்குத் தாய்ப்பால் நின்றுபோனது. குழந்தை நலிந்துகொண்டே வந்தது. தோசானில் அவர்கள் வீட்டு அடிமைப் பெண் ஹாக்தொக்குக்குப் பிள்ளை பிறந்து மூன்று நான்கு மாதம். அவளைத் தலைநகருக்கு அனுப்புவதாகப் பேச்சு. போனால் தன் பிள்ளையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தொய்கே பேரனுக்குக் கடிதம் எழுதினார். அவள் அப்படிப் போவது அந்தப் பிள்ளையைக் கொல்வதற்குச் சமம். பிறர் பிள்ளையைக் கொன்று தன் பிள்ளையைப் பிழைக்க வைப்பது மிகத் தவறு என்று சீன அறிஞர் சூ சியின் பழைய தொகை நூலை எடுத்துக்காட்டினார். அங்கேயே பால் கொடுக்கிற வேறொருத்தி இருப்பாள், ஐந்தாறு மாதம் அவளை வைத்துச் சமாளியுங்கள். எட்டாம், ஒன்பதாம் மாதம் வரட்டும், அதற்குள் இந்தப் பிள்ளை கஞ்சி குடிக்கப் பழகிவிடும், இரண்டும் பிழைக்கும் என்று வழியும் சொன்னார்.

ஐந்தாம் மாதம் சாங்யாங் இறந்துபோனான். அந்த வருடம் முடிவதற்குள் தொய்கேயும் இறந்தார்.

நான்கு சரணம் எழுதி வந்தார் சாக்கானிம். முதலாவது, ஹாக்தொக் பிள்ளையைத் தூங்க வைப்பது. நம் ஆராரோ போல இவர்களுக்குச் ‘சாஜாங் சாஜாங்’. இரண்டாவதில் ஹான்யாங்கில் பால் கேட்கிறார்கள் என்று ஆள் வந்து நிற்கிறான், அவள் மூட்டை கட்டுகிறாள். மூன்றாவது, கடிதம். நான்காவதைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

எட்டாம் மாதம் வரட்டும் என்றார்,
கஞ்சி குடிக்கப் பழகட்டும் என்றார்.
ஐந்தாம் மாதமே ஆள் வந்தான்.
ஹான்யாங்கில் முதுகுத் துணியை
மடித்து வைத்துவிட்டார்கள்.

பிள்ளையை முதுகில் கட்டிக்கொள்கிற துணி அது. சுங்மொரி தாளத்தில் பன்னிரண்டு அடி, அதில் ஒன்பதாவதில்தான் கனம் விழும். ‘ஐந்தாம்’ என்ற சொல் சரியாக அந்த ஒன்பதில் வந்து விழுகிற மாதிரி எழுதியிருந்தார். மெட்டுப் போட்ட அன்று, சாங்கு மேளம் வாசிக்கிற பையன் அந்த அடியை அடிக்காமல் கையை மேலேயே வைத்துக்கொண்டான். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர், நிகழ்ச்சிக்குப் பணம் தருகிற இடத்திலிருந்து வந்தவர். கெட்ட மனிதர் இல்லை, ஐந்து பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், குழந்தை சாவதோடு முடித்து அனுப்ப வேண்டாமே, கடிதத்தோடு நிறுத்தினால் மனசு நிறைந்து போவார்கள் என்றார். சாக்கானிம் பதில் சொல்லவில்லை. அப்போதுதான் அந்த மனிதர் என் பக்கம் திரும்பி, இசையாக யோசித்தால் எப்படி என்று கேட்டார்.

இசையாக யோசித்தால் மூன்றாம் சரணத்தில் பாட்டு முடிந்துவிடுகிறது. கடிதத்தின் கடைசி வரியில் மெட்டு ஆதார சுரத்துக்கு வந்து இறங்குகிறது. ஹேகம் என்கிற இரண்டு தந்தி வில் வாத்தியம் அந்தச் சுரத்தையே இழுத்துத் தேய்ந்து அடங்குகிறது. நான்காவது சரணத்துக்காக மறுபடி எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது. எந்த இசைக்காரனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். ஆக நான் சொன்னது என் தொழிலில் சரியான பதில்.

ஆனால் அந்த மெட்டை அப்படி இறங்க வைத்தவன் யார்? நான்தானே. நான்காவது சரணம் கையில் இருந்தபோதே மூன்றாவதில் கொண்டுபோய் முடித்தவன் நான். வேறு ஒருவருக்கும் மனசு வராத இடத்தில் நானாக ஒரு கதவை முன்கூட்டியே வைத்திருந்தேனோ என்னவோ. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த வாரம் ஒலிப்பதிவுக்குத் தேதி எடுத்திருந்தேன். விவாதம் இழுத்தால் தேதி போகும், ஹேகம் வாசிப்பவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். ‘நிற்கும்’ என்று சொல்லும்போது இது மனசில் இருந்ததா? இருந்தது.

வெளியே வந்ததும் காலணி மாட்டிக்கொண்டே சாக்கானிம் கேட்டார்: “இசைக்கு அது வேண்டாம் என்பது நிஜமாகவா?”

“நிஜமாகத்தான், சாக்கானிம்.”

“அப்போ சரி” என்றார். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. சண்டை போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். என் காதை நம்பி அவர் விட்டுக்கொடுத்தார்.

என் பக்கம் பேச ஒரு பெரிய சாட்சி உண்டு, தொய்கேயே. 1565-ல் அவர் தாய்மொழியில் பன்னிரண்டு பாடல்கள் எழுதினார். சீன மொழிக் கவிதையை ஓதலாம், பாட முடியாது. பாட வேண்டுமென்றால் நாம் பேசுகிற மொழியில்தான் முடியும் என்று அவற்றின் பின்னுரையில் சொல்கிறார். பிள்ளைகள் காலையும் மாலையும் பாடிப் பழக வேண்டும், தாங்களாகப் பாடித் தாங்களாக ஆட வேண்டும் என்பது அவர் ஆசை. முன்னால் இருந்த பாடல்களை எடைபோடும்போது ஒன்றில் செருக்கும் களியாட்டமும் மிகுதி என்கிறார், இன்னொன்றில் உலகை எள்ளும் தொனி இருக்கிறது, கனிவும் ஆழமும் குறைவு என்கிறார். பிள்ளைகள் பாடுகிற பாட்டில் கனிவு வேண்டும் என்று சொன்னவர் அவர். அப்படியானால் நாங்கள் செய்தது அவர் வழிதான் என்று பல ராத்திரி எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதே பின்னுரையின் முடிவில், ஒரு படி எழுதிப் பெட்டியில் போட்டு வைக்கிறேன், அவ்வப்போது எடுத்துப் பார்த்து என்னையே சோதித்துக்கொள்வேன், கொள்வதும் தள்ளுவதும் பின்னால் பார்ப்பவர்கள் கையில் என்கிறார். தன் பாட்டின் மேல் அவருக்கே அவ்வளவு தயக்கம். அவர் பெட்டியில் வைத்தாரே தவிர வெட்டவில்லை.

எனக்குப் பொறுக்காத ஒன்று, இதே நிகழ்ச்சியில் பேரிக்காய்ப் பாட்டு ஒரு கேள்வியும் இல்லாமல் ஒப்புதல் வாங்கியதுதான். மனநலம் சரியில்லாத இரண்டாம் மனைவி, முன்னோர் படையலில் இருந்து விழுந்த பேரிக்காயை எடுத்துப் பாவாடையில் ஒளித்துக்கொண்டாராம். உறவினர்கள் முகம் சுளிக்க, தொய்கே அதை வாங்கிச் சீவி அவருக்கே கொடுத்தாராம். அழகான கதை, மக்கள் வாய்வழியாகச் சொல்லி வந்தது. கடிதமோ எழுத்தில் இருப்பது. கதையை முழுசாகப் பாடினோம், நடந்ததைப் பாதியாகப் பாடினோம்.

இத்தனையும் பேசிவிட்டு அவரைத் தெய்வமாக்கவும் எனக்கு முடியவில்லை. 1586-ல் அவருடைய பேரப்பிள்ளைகள் சொத்துப் பிரித்துக்கொண்ட பத்திரத்தில் 300-க்கும் மேற்பட்ட அடிமைகள் இருக்கிறார்கள். ஹாக்தொக்கை அனுப்பு என்றோ நிறுத்து என்றோ சொல்லும் உரிமை அவர் வீட்டுக்கு இருந்ததால்தான் அந்தக் கடிதமே. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கடிதத்துக்கு என்ன விலை ஆகும் என்பது எழுபது வயதுக்காரருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அந்த விலையைத்தான் நான்காவது சரணம் சொன்னது. அதை எடுத்தபின் மிஞ்சுவது ஒரு நல்ல தாத்தா எழுதிய நல்ல கடிதம்.

போன வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு தொடக்கப் பள்ளியிலிருந்து வந்திருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்து கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாம் வகுப்பு இருக்கும், ஒரு சிறுமி திண்ணை ஓரத்தில் வந்து நின்றாள். ஒரு காலில்தான் காலணி.

“அந்தப் பாப்பா பிழைச்சுதுங்களா?”

சாங்யாங்கைத்தான் கேட்கிறாள் என்று எனக்கு வயிறு பிசைந்தது. நேரம் வாங்குவதற்காக, “எந்தப் பாப்பா?” என்றேன்.

அவள் முழித்தாள். “ரெண்டு பாப்பா இருக்கா?”

இரண்டாம் சரணத்தில் ‘ஹான்யாங்கில் பால் கேட்கிறார்கள்’ என்று ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரியில் ஒரு குழந்தை இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. நாங்கள் சாவை மட்டும் எடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளையையே எடுத்துவிட்டிருக்கிறோம். டீச்சர் கூப்பிட்டார், அவள் ஓடிவிட்டாள். நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

இதைச் சாக்கானிமிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ அவளுக்கு அந்தப் பாட்டு முழுக்க ஹாக்தொக்கின் பிள்ளைதான் இருந்திருக்கிறது” என்றார். கடிதத்தைப் பற்றிச் சொல்கிறவர்கள் எல்லாரும் கொள்ளுப் பேரனை இழந்த பெரியவரைப் பற்றித்தான் சொல்கிறார்கள். அடிமையின் பிள்ளை என்னவாயிற்று என்று கேட்ட ஒரே ஆளை நான் பார்த்தது அன்றைக்குத்தான். வெட்டியதால் வந்த கேள்வி அது. அப்படியானால் வெட்டியது சரியா? இதை என் காரணமாகச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. கூட்டத்தில் ஹாக்தொக்கின் பிள்ளை என் நினைப்பிலேயே இல்லை, ஒலிப்பதிவுத் தேதிதான் இருந்தது. ஆனால் அந்தச் சிறுமியின் முகத்தை நினைத்தால் நான்காவது சரணத்தைத் திரும்பச் சேர்க்கவும் கை வரவில்லை.

இந்த வசந்தத்தில் மறுபடி நிகழ்ச்சி. ஒத்திகையில், கடிதத்தின் கடைசி வரி இறங்கியதும் ஒரு சுங்மொரி சுற்றுக்கு இடம் விடச் சொன்னேன். ஹேகம் வாசிப்பவர், அந்தப் பன்னிரண்டு அடியில் என்ன வாசிக்கட்டும் என்றார். ஒன்றும் வேண்டாம், சாங்கு மட்டும் மெதுவாக எண்ணட்டும், ஒன்பதாவதில் கையைத் தூக்கிவிட்டு நிறுத்தட்டும் என்றேன். சாக்கானிம் பின்னால் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முழங்காலில் ஒரு விரல் அடித்துக்கொண்டே போனது. ஒன்பதில் அதுவும் நின்றது.

இதுவரை நான்கு முறை நடத்திவிட்டோம். நான்கு முறையும் ஐந்தாறு அடிக்குள்ளேயே, பாட்டு முடிந்துவிட்டது என்று கூட்டம் கைதட்டிவிடுகிறது.