டார்ச் எரிந்தால் மட்டும் நின்றுபோன மேசை

கோவை கணபதியில் எங்கள் பட்டறை. கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி, இவைதான் வேலை. கேட்டில் பதிக்கும் மயில், கொடி, வேல் மாதிரியான தகட்டு வடிவங்களை மட்டும் லேசர் வெட்டுக்கு வெளியே கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரே ஒரு மயிலுக்காக மூன்று நாள் கேட் முடியாமல் நிற்கும். அதனால் போன வருடம் சொந்தமாக ஒரு சி.என்.சி. பிளாஸ்மா மேசை கட்ட இறங்கினேன். கம்ப்யூட்டர் சொல்லும் கோட்டில் டார்ச் நகர்ந்து, மின் ஆர்க்கின் சூட்டில் தகட்டை வெட்டும் மேசை அது. வெல்டிங் எனக்குத் தெரியும், லேத் வேலை அடுத்த தெருவிலேயே நடக்கும். மின்சாரப் பக்கம்தான் புதிது. இரண்டு மாதம் என்னைத் தூங்கவிடாமல் செய்ததும் அதுதான்.

8க்கு 4 அடி ஷீட்டைப் பாதியாக்கினால் 4க்கு 4 வரும். அதற்கேற்ப மேசை. 3 அங்குலச் சதுரக் குழாயில் சட்டம் போட்டேன். வெல்டு ஆறியதும் ஒரு பக்கம் 3 மி.மீ. இழுத்துக்கொண்டது. சட்டத்தைத் திரும்ப அடித்து நிமிர்த்தப் போகவில்லை. கொத்தனார்கள் பிடிக்கும் தண்ணீர்க் குழாயை வைத்து நாலு மூலையிலும் மட்டம் பார்த்து, தண்டவாளத்துக்கு அடியில் மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் சொருகி சரிசெய்தேன். இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு முனைகளை ஒப்பிட ரசமட்டத்தைவிட இந்தக் குழாயைத்தான் நம்புவேன்.

மோட்டார் நெமா 23 அளவு ஸ்டெப்பர்; ஒவ்வொரு மின் துடிப்புக்கும், அதாவது பல்ஸுக்கும், ஒரு சின்னப் படி நகரும். நெடுக்கு வாட்டத்துக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, டார்ச்சைத் தாங்கும் குறுக்குப் பாலத்தில் ஒன்று, டார்ச்சை ஏற்றி இறக்க ஒன்று. ஒரு சுற்றுக்கு 1600 பல்ஸ், மூன்றுக்கு ஒன்று பெல்ட் குறைப்பு, 20 பல் உள்ள மாட்யூல் 1 (பல்லின் அளவு) பினியன், அதாவது சிறு பல்சக்கரம். பினியன் ஒரு சுற்றுக்கு 62.83 மி.மீ. போகும், மோட்டார் ஒரு சுற்றுக்கு 20.94. ஆக ஒரு மி.மீ.க்கு 76.39 பல்ஸ். இந்தக் கணக்கைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். மேசை காட்டும் அளவும் டேப் காட்டும் அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அப்புறம் டார்ச்சுக்குப் பதில் ஒரு பேனாவைக் கட்டி, 900க்கு 1200 மி.மீ. பெட்டி வரைய விட்டேன். மூலைக்கு மூலை இரண்டுமே 1500 வர வேண்டும். ஒன்று 1503, இன்னொன்று 1497. பாலம் கோணலாக நிற்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கத்து ஹோம் சுவிட்சை (பாலம் தொடங்கும் இடத்தைக் காட்டுவது) ஏறக்குறைய 6 மி.மீ. நகர்த்தியதும் இரண்டும் சமமாகிவிட்டன. அன்று மயிலின் முழு உருவத்தையும் பேனாவிலேயே வரைந்து பார்த்தோம். தோகையின் கடைசிக் கண்வரை கோடு பிசகவில்லை.

மறுநாள் டார்ச்சை மாட்டி 3 மி.மீ. தகட்டை வைத்தேன். பொறி தெறித்தது, ஒரு விரற்கடை நகர்ந்தது, மேசை நின்றுவிட்டது. திரையில் 'லிமிட் சுவிட்ச் டிரிகர்டு', அதாவது ஓரத்தை எட்டினால் மேசையை நிறுத்தும் சுவிட்ச் தட்டப்பட்டுவிட்டது என்று. பாலமோ மேசையின் நடுவில் இருக்கிறது, எந்தச் சுவிட்சின் பக்கத்திலும் இல்லை. மறுபடி ஓட்டினேன், மறுபடி அதே இடம். டார்ச்சை அணைத்துவிட்டு வெறுமனே ஓட்டினால் முழு மயிலும் முடியும்.

முதலில் மென்பொருளைத்தான் சந்தேகப்பட்டேன். மேசையை ஓட்டும் மேக்3 மென்பொருளில் டீபவுன்ஸ் என்று ஒரு அமைப்பு உண்டு. சுவிட்சிலிருந்து வரும் சிக்னல் கொஞ்ச நேரம் நிலைத்து நின்றால்தான் நம்பு என்று சொல்வது. அதைக் கூட்டியதும் மேசை நிற்பது குறைந்தது. ஆனால் மூன்றாவது துளைக்குப் பிறகு படம் 4 மி.மீ. விலகி வந்தது. இது முன்னதைவிட மோசம், ஏனென்றால் ஸ்டெப்பர் மோட்டார் எங்கே நிற்கிறது என்று அதை இயக்கும் கன்ட்ரோலருக்குத் தெரியாது. அது அனுப்பிய பல்ஸை மட்டுமே எண்ணும். நடுவில் பொய்யான பல்ஸ் நுழைந்தால் ஷீட் முடியும்வரை தப்பாகவே வெட்டிக்கொண்டு போகும். நிற்கிற மேசை ஒரு துண்டைக் கெடுக்கும். நிற்காமல் விலகுகிற மேசை முழு ஷீட்டையும் கெடுக்கும். டீபவுன்ஸைப் பழையபடி இறக்கிவிட்டேன்.

சரி, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். டார்ச்சை மேசையிலிருந்து கழற்றி, மூன்று மீட்டர் தள்ளி ஒரு பழைய தகட்டில் தம்பி கையால் பற்றவைத்தான். அதே நேரம் மேசையை வெறுமனே ஓட்டினேன். அவன் பற்றவைத்த அதே நொடியில் மேசை நின்றது. அதாவது டார்ச்சுக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே வயரே இல்லாதபோதும் கோளாறு வருகிறது. அடுத்து லிமிட் சுவிட்ச் வயர்கள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஓட்டினேன். இப்போது மேசை நிற்கவில்லை, ஆனால் கம்ப்யூட்டருக்கும் கன்ட்ரோலருக்கும் இடையிலான யு.எஸ்.பி. இணைப்பே அறுந்துபோனது. சுவிட்சும் மோட்டாரும் மென்பொருளும் நல்லபடிதான் இருந்தன. பிளாஸ்மா மெஷினின் மின் இரைச்சல் எல்லா வயரிலும் ஏறிக்கொண்டிருந்தது.

விலை குறைந்த பிளாஸ்மா மெஷின்கள் பலவும் உயர் அதிர்வெண் பொறியை வைத்துத்தான் ஆர்க்கைத் தொடங்கும். பல ஆயிரம் வோல்ட்டில் அடிக்கும் அந்தப் பொறி அக்கம்பக்கத்து வயரையெல்லாம் ஆன்டெனா ஆக்கிவிடும். டார்ச்சுக்குள் எலக்ட்ரோடும் (மின்சாரம் வரும் முனை) நாஸிலும் (ஆர்க் வெளிவரும் துளை முனை) தொட்டுக்கொண்டிருக்க, காற்றழுத்தம் அவற்றைப் பிரித்து ஆர்க்கை உண்டாக்கும் வகையும் இருக்கிறது. விலை கூட, ஆனால் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. புதிதாகக் கட்டுகிறவர்கள் மேசையில் மிச்சம் பிடித்தாவது அந்த வகையை வாங்குங்கள் என்பேன்.

என்னிடம் இருந்தது முதல் வகை. எங்கள் பகுதி எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "எர்த் எங்கிருந்துங்க எடுத்திருக்கீங்க?" சுவரில் இருந்த பிளக்கின் மூன்றாவது பின் என்றேன். அவர் கட்டடத்தின் எர்த் குழியைத் தேடிப் போய்ப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. மீட்டரில் முப்பது ஓமுக்கு மேல் காட்டியது. மேசைக்குப் பக்கத்திலேயே 10 அடித் தண்டை இறக்கி, புதுக் குழி போட்டுக் கொடுத்தார். மூன்று ஓமுக்கு இறங்கியது. "தம்பி, ஒன்னுலேருந்து ஒன்னுக்குத் தாவி எர்த் கட்டாதீங்க, எல்லாம் ஒரே இடத்துல வந்து சேரணும்" என்றார். மேசைச் சட்டம், பாலம், கன்ட்ரோல் பெட்டி, பிளாஸ்மா மெஷின் ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனித் தடித்த வயர் ஒரே போல்ட்டுக்கு வருகிறது இப்போது.

அதோடு நிறுத்தவில்லை. மோட்டார் வயரை உறை போட்ட கேபிளாக மாற்றி, உறையைப் பெட்டிப் பக்கம் மட்டும் எர்த்தில் சேர்த்தேன். இரண்டு முனையிலும் சேர்த்தால் அதுவே இரைச்சலுக்கு வழியாகிவிடும். டார்ச் கேபிளை மோட்டார் கேபிளிலிருந்து ஒரு அடி தள்ளித் தனிக் கொக்கியில் தொங்கவிட்டேன். லிமிட் சுவிட்சுகளை 5 வோல்ட்டிலிருந்து 24 வோல்ட்டுக்கு மாற்றினேன். யு.எஸ்.பி. கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு ஈதர்நெட் வகையைப் போட்டேன். ஈதர்நெட் துளைக்குள்ளேயே குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் கம்ப்யூட்டர் தனியாகப் பிரிந்துவிடுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் இருபது தடவை பற்றவைத்து எண்ணினோம். எர்த் மட்டும் மாற்றியபோது இருபதில் எட்டு தடவை நின்றது. எல்லாம் முடிந்தபோது ஒருமுறைகூட இல்லை.

பிறகு வந்தவை சின்ன விஷயங்கள். மழைக்காலத்தில் கம்ப்ரஸர் காற்றில் ஈரம் ஏறி நாஸில் சீக்கிரம் தேய்ந்தது. செம்புக் குழாய்ச் சுருளைத் தண்ணீர் டிரம்மில் போட்டு காற்றைக் குளிரவைத்து, அடுத்து நீர் பிரிப்பானை வைத்ததும் சரியானது. வெட்டு விளிம்பு சாய்வாக வந்தது. பிளாஸ்மா சுழன்று இறங்குவதால் போகிற திசைக்கு வலப்பக்கம்தான் நேராக வரும். வெளி வடிவத்தைக் கடிகார முள் திசையிலும் உள் துளைகளை எதிர்த் திசையிலும் வெட்டச் சொன்னேன், போதும். அலுமினியத்தை மட்டும் மேசைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் வெட்டாதீர்கள். அடியில் ஹைட்ரஜன் தேங்கி வெடிக்கக்கூடும்.

மயிலின் அலகு மட்டும் கடைசிவரை படுத்தியது. கூர்மூலை வந்ததும் டார்ச் தகட்டில் போய் முட்டும். உயரக் கட்டுப்பாடு ஆர்க் வோல்ட்டேஜைப் பார்த்துத்தான் டார்ச்சை ஏற்றி இறக்குகிறது. மூலையில் வேகம் குறையும்போது வெட்டு அகலமாகி வோல்ட்டேஜ் ஏறும். டார்ச் உயரத்தில் இருக்கிறது என்று அது தப்பாக எடுத்துக்கொண்டு கீழே இறக்கிவிடும். வேகம் குறைகிற இடங்களில் உயரக் கட்டுப்பாட்டைப் பூட்டி வைக்கும்படி அமைத்தேன். அன்று சாயங்காலம் வெட்டிய மயில் அலகு மழுங்காமல் தண்ணீரில் விழுந்தது. துடைத்து, கசடைத் தட்டிவிட்டு, அன்றே கேட்டில் வைத்து வெல்டு பண்ணினோம்.