சித்திரையில் விதைத்த போஞ்சி

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை பெற்ற இலங்கை மலையகக் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நான், 1973இல், பத்து வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கி, பாளையங்கோட்டைக்கு வெளியே செம்மண் பொட்டலில் நின்ற ஒரு சிறு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். தாள்களில் எங்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதியிருந்தார்கள். தாத்தாவின் தகப்பனார் இந்தச் சீமையிலிருந்து போனவர்தாம். ஆனால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இது அதுவரை பார்த்திராத வேற்று நாடு. தெருவில் எங்களுக்குச் 'சிலோன்காரங்க' என்று பெயர்.

மலையில் தோட்டம் என்றால் துரையின் தேயிலைதான். நாங்கள் குடியிருந்த லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் இருந்த கையகல நிலத்தில் அம்மா கோவாவும் லீக்ஸும் போஞ்சியும் போட்டிருந்தார். புறப்படும்போது அந்தப் போஞ்சி விதைகளை ஒரு பால்மாவு டின்னில் அடைத்து எடுத்து வந்தவர், வந்த சித்திரையிலேயே புறவாசலைக் கொத்தி அவற்றை ஊன்றிவிட்டார். கொடி ஏறியது, பூவும் வைத்தது. வைத்த பூவெல்லாம் வெயிலில் உதிர்ந்தது. மழைக்குக் காத்திருந்தால், ஆனி ஆடியில் குற்றாலத்துச் சாரலைப் பற்றி ஊரே பேச, எங்கள் புறவாசலில் புழுதிக்காற்றுத்தான் வீசியது. அந்த நாட்களில் அம்மா யாரிடமும் அதிகம் பேசியதில்லை.

அடுத்த வீட்டு ஆச்சி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஏளா, சித்திரையில யாராவது வெதை போடுவாவளா?" எங்கள் உண்மையான குடியேற்றம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன். ஆச்சியிடமிருந்து அம்மா முதலில் பெயர்களைக் கற்றார். போஞ்சி இங்கே பீன்ஸ், கோவா முட்டைக்கோசு, பப்பாசி பப்பாளி. கொத்தவரங்காயைச் சீனியவரைக்காய் என்றும், வெண்பூசணியைத் தடியங்காய் என்றும் சொல்ல வேண்டும். பிறகு மாதங்களைக் கற்றார். குளித்த தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் வாய்க்கால் வெட்டித் திருப்பியதில், முதலில் வெண்டையும் கத்தரியும் பிடித்துக்கொண்டன.

ஆனால் அம்மாவுக்குப் பேரானந்தம் தந்தது சிறுகிழங்கு. ஆடியில் ஆச்சி தந்த விதைக்கிழங்கை ஒரு மூலையில் முளைக்கப்போட்டு, கொடி நீண்டதும் நுனிகளைக் கிள்ளி ஆவணியில் மேட்டுப்பாத்தியில் நட்டார். கண்ணுக்குத் தெரியும் காயைப்போல் அல்லாமல், மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று அறியாமலே ஐந்து மாதம் தண்ணீர் விடுவதில் ஒரு தனிச்சுகம் இருக்கிறது. பொறுமையில்லாத நான் இருமுறை தோண்டிப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன். பொங்கலுக்கு முந்தைய நாள் பாத்தியைக் கிளறியபோது, கோலிக்குண்டு அளவிலும் அதைவிடப் பெரிதாகவும் கொத்துக்கொத்தாய் வந்த கிழங்கு ஒரு கூடையை நிறைத்தது. அதைச் சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோலெடுத்ததில் அம்மாவின் விரல்கள் கறுத்துப்போயின. கொழுந்து பறித்த காலத்துக் கறை போய் ஓராண்டுகூட ஆகாத விரல்கள் அவை. அவற்றைப் பார்த்து அவரே சிரித்துக்கொண்டார்.

டின்னில் மிச்சமிருந்த விதைகளை அடுத்த கார்த்திகையில், மழை விட்டுக் குளிர் தொடங்கியதும் ஊன்றினார். இம்முறை பூ நின்றது. காய்கள் மெலிந்தவைதான், மலையில் காய்த்ததில் பாதி நீளம்கூட இல்லை. அவற்றை முருங்கைக்காயோடும் உருளைக்கிழங்கோடும் சேர்த்து ஆச்சி தேங்காய்ப்பாலில் சொதி வைத்துக் கொடுத்தார். சொதி என்ற சொல் இங்கும் இருப்பதைக் கண்டு அம்மா வியந்துபோனார், அங்கே நாங்கள் வைத்தது பாசிப்பருப்பு சேராத, நீர்த்த மஞ்சள் சொதி என்றாலும்.

அம்மா இன்று இல்லை. புறவாசலில் பாதி இடத்தைக் குளியலறை பிடித்துக்கொண்டது. எஞ்சிய இடத்தில் கார்த்திகைதோறும் ஒரு வரிசை போஞ்சி ஊன்றுகிறேன். வீட்டில் இன்னும் அதற்குப் போஞ்சி என்றுதான் பெயர். விளைவது ஒரு சொதிக்கு முழுதாகப் போதாது. கால் கிலோ கடையில் வாங்கித்தான் சேர்க்கிறோம்.