மொட்டை மாடியில் ஐந்து பேண்ட் ஹெக்ஸ்பீம்: கட்டுவதும் ஏற்றுவதும்

ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோவில் 20 மீட்டர் பேண்டுக்கு, அதாவது அந்த அலைநீளத்து அலைவரிசைகளுக்கு, முழு அளவு யாகி (குறுக்குக் கம்பிகளை வரிசையாக வைத்த திசை ஆன்டெனா) வைத்தால் ஒவ்வொரு எலிமெண்டும், அதாவது குறுக்குக் கம்பியும், பத்து மீட்டரைத் தொடும். அரை கிரவுண்டு மனையில், அதாவது 30க்கு 40 அடியில், அது பக்கத்து வீட்டு மாடிக்கு மேலேதான் போய் நிற்கும். அதனால்தான் ஹெக்ஸ்பீமை, அதாவது ஆறு கைகளில் கம்பிகளை அறுகோணமாக மடித்துக் கட்டும் ஆன்டெனாவை, தேர்ந்தெடுத்தோம். 20, 17, 15, 12, 10 என ஐந்து பேண்டும் ஒரே ஃபீடரில் (ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள்) வரும். மையத்திலிருந்து 3.3 மீட்டர் வட்டத்துக்குள் சுழலும். எடை பன்னிரண்டு கிலோவை ஒட்டி. வேலை செய்யும் விதம் ஒவ்வொரு பேண்டிலும் இரண்டு எலிமெண்ட் யாகிக்கு நிகர். மூன்று எலிமெண்ட் யாகிக்கு இணை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அளவுகள் பிரிட்டனைச் சேர்ந்த ஹாம் ஸ்டீவ் ஹன்ட் (அழைப்புக்குறி ஜி3டிஎக்ஸ்க்யூ) வெளியிட்ட அகலப் பேண்ட் வடிவமைப்பிலிருந்து. அங்குலக் கணக்கைச் சென்டிமீட்டருக்கு மாற்றியிருக்கிறோம். வரிசை: டிரைவரின் (ஃபீடர் இணையும் கம்பி) ஒரு பாதி, ரிஃப்ளெக்டர் (பின்னால் நின்று அலையை முன்னோக்கித் திருப்பும் கம்பி) முழு நீளம், இரண்டின் முனைகளுக்கும் நடுவே வரும் இடைவெளிக் கயிறு, மையத்திலிருந்து கொக்கி (கையில் கம்பி மாட்டும் இடம்) வரை ஆரம்.

20 மீட்டர்: 554, 1046, 61, 325
17 மீட்டர்: 430.5, 815, 47, 253
15 மீட்டர்: 367, 697.5, 40.5, 216
12 மீட்டர்: 309, 590, 34.5, 182
10 மீட்டர்: 271, 518.5, 30.5, 160

ரிஃப்ளெக்டரைவிட டிரைவர் நீளமாக இருக்கிறதே என்று தோன்றும். 20இல் இரு பாதியும் சேர்ந்து 1108, ரிஃப்ளெக்டர் 1046. அச்சுப் பிழை இல்லை. டிரைவர் கம்பி மையத்திலிருந்து வெளியே போய், முன் கைகளில் மடங்கிப் பின்பக்கம் திரும்புகிறது. மடிக்கும்போது மின்னளவில் குறையும் நீளத்தைக் கம்பியைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். யாகி பழக்கத்தில் இதைத் "திருத்தி" வெட்டினால் எல்லாம் கெடும்.

ஆரத்தை நீங்களே சரிபார்க்கலாம். டிரைவர் பாதி இரண்டு, ரிஃப்ளெக்டர், இடைவெளிக் கயிறு இரண்டு, இவற்றைக் கூட்டி 7ஆல் வகுக்க வேண்டும். சம அறுகோணத்தில் பக்கமும் ஆரமும் ஒரே அளவு. கம்பி ஓடும் வழி ஐந்து பக்கம், இரண்டு ஆரம், ஆக ஏழு. வேறு தடிமன் கம்பிக்கு நீளத்தை மாற்றினாலும் இதே கணக்கில் புதிய கொக்கி இடம் கிடைத்துவிடும்.

கம்பி மொத்தம் 75 மீட்டர் செலவாகும். வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் 90 மீட்டர் சுருள் ஒன்று போதும். ஆனால் மேலே உள்ள அளவுகள் உறையில்லாத செம்புக் கம்பிக்கு உரியவை. 1.5 ஸ்கொயர் எம்எம் பிவிசி உறை ஒயரை அதே நீளத்தில் வெட்டினால் 20இல் ரெசொனன்ஸ் (ஆன்டெனா இசையும் அலைவரிசை) ஏறக்குறைய 400 கிலோஹெர்ட்ஸ் கீழே இறங்கிவிடும், பேண்டுக்கே வெளியே. உறையோடு கட்டுவதானால் நீளங்களை 0.97ஆல் பெருக்கித் தொடங்குங்கள். உறையின் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் ஒரே பிராண்ட், ஒரே சுருள் என்று இருப்பது நல்லது. இடைவெளிக் கயிற்றைச் சுருக்க வேண்டாம். மெல்லிய ஒற்றை இழைக் கம்பி தொடர்ந்து இழுபட்டு நீளும். பல இழைக் கம்பியே சரி.

கைகள் ஆறு, ஒவ்வொன்றும் 3.6 மீட்டர். 25, 19, 12 மி.மீ. ஃபைபர்கிளாஸ் குழாய்கள், தலா 1.3 மீட்டர், ஒன்றுக்குள் ஒன்று 15 செ.மீ. நுழைந்து நிற்கும்படி. வாங்கும்போதே ஒன்றை ஒன்றுக்குள் விட்டுப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் ஆட்டத்தை எபாக்ஸி நிரப்பும். அதற்கு மேல் என்றால் காற்றில் இணைப்பு தேய்ந்து ஓட்டையாகும். எலக்ட்ரிகல் பிவிசி பைப்பில் கட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சித்திரை வெயிலில் அது வளைந்த வாக்கிலேயே நின்றுவிடும், திரும்பாது. ஃபைபர்கிளாஸை அறுக்கும்போது முகக்கவசம் கட்டாயம். அறுக்கும் இடத்தைத் தண்ணீர் விட்டு ஈரமாக வைத்துக்கொண்டால் தூள் பறக்காது. முழுக்கை சட்டை போடாவிட்டால் அன்று இரவு அரிப்பில் தூக்கம் இல்லை. கட்டும் முன்பே பாலியூரிதேன் பெயிண்ட் இரண்டு கோட் அடித்துவிட வேண்டும். இல்லையென்றால் வெயிலில் மேல்பூச்சு போய், இழைகள் முடி முடியாக எழும்பும். அலுமினியத் தூள் கலந்த வெள்ளி நிறப் பெயிண்ட் மட்டும் வேண்டாம்.

நடுத்தட்டு அலுமினியம். ஒவ்வொரு கைக்கும் இரண்டு யூ-போல்ட், மொத்தம் 12. கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருந்தால் ஸ்டெயின்லெஸ் 316 கேளுங்கள். உப்புக்காற்றில் 304 கறை பிடிக்கும், முலாம் பூசிய இரும்பு போல்ட்டோ சீக்கிரமே இறுகிப்போகும், கழற்ற ஹாக்சாதான் வேண்டும். யூ-போல்ட்டை ஸ்பேனரில் பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் குழாய் 'டக்' என்று நீளவாக்கில் பிளக்கும். கையின் அடிப்பகுதிக்குள் 20 செ.மீ. மரத்துண்டை இறுக்கமாகச் செருகிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

மையக் கம்பமும் ஃபைபர்கிளாஸ்தான், தட்டுக்கு மேல் சுமார் ஒரு மீட்டர். 20க்கான டெர்மினல் உச்சியில், அதன் கீழ் 17, 15, 12, அடியில் 10. பேண்டுக்கு எதிரெதிராக இரண்டு போல்ட். ஒரு பேண்டின் டெர்மினலிலிருந்து அடுத்ததற்கு 50 ஓம் கோஆக்ஸ் (நடுக்கம்பியும் அதைச் சுற்றி ஷீல்டும் உள்ள கேபிள்) துண்டு இறங்கும். முதன்மை ஃபீடர் கம்பத்துக்குள் ஏறி உச்சியில் 20இன் டெர்மினலில் சேரும். கோஆக்ஸின் நடுக்கம்பி எல்லாப் பேண்டிலும் ஒரே பக்கம், வலது என்றால் ஐந்தும் வலது. மின்னியல் வேலையில் அதிகம் தவறுகிற இடம் இதுதான். கம்பத்தின் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு டேப் சுற்றிவிட்டு சோல்டரிங்கைத் தொடங்குங்கள். முடிந்ததும் மல்டிமீட்டரில் சிவப்புப் பக்கத்து ஐந்து போல்ட்டுக்கும் ஃபீடரின் நடுக்கம்பிக்கும் தொடர்பு காட்ட வேண்டும். சிவப்புக்கும் மறுபக்கத்துக்கும் காட்டவே கூடாது. பிறகு ஜாயின்ட் ஒவ்வொன்றையும் சிலிக்கானால் மூட வேண்டும், ஆனால் புளித்த வாடை அடிக்கும் அசிட்டிக் வகையால் அல்ல. அது செம்பை அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகை கடைகளில் கிடைக்கிறது.

கம்பத்தின் அடியில் 1:1 சோக், கோஆக்ஸின் வெளிப்பக்கத்தில் மின்னோட்டம் ஓடாமல் தடுப்பது. எஃப்டி-240-43 ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58 கோஆக்ஸை 12 சுற்று சுற்றிப் பெட்டியில் அடைத்தால் நூறு வாட்டுக்குப் போதும். இது இல்லையென்றால் கோஆக்ஸின் வெளிப்பக்கமும் ஆன்டெனாவாகிவிடும். பின்பக்கச் சத்தம் குறையாது, அலைபரப்பும்போது வீட்டில் ஸ்பீக்கர் உறுமும்.

இனி உருவம் கொடுப்பது. காற்றில் மேல்நோக்கித் திரும்பிப்போன குடை மாதிரி ஆறு கைகளும் வளைந்து நிற்க வேண்டும். தட்டை ஒன்றரை மீட்டர் உயரக் குட்டைக் கம்பத்தில் பொருத்தி, கைகளை மாட்டி, ஒவ்வொரு கை முனையிலிருந்தும் மையக் கம்ப உச்சிக்கு 3 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு. எதிரெதிர்க் கைகளை ஜோடி ஜோடியாக இழுங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் மையக் கம்பம் சாயும். நைலான் வேண்டவே வேண்டாம். நனைந்தால் நீளும், ஐப்பசி மழையில் கம்பிகள் தொங்கி ஒன்றோடொன்று உரசும். முன்பக்க இரு கைகளுக்கு நடுவே கம்பி எதுவும் ஓடுவதில்லை, அங்கே ஒரு கயிறு கட்டியாக வேண்டும். அதை விட்டால் அந்த இரண்டு கையும் பின்னோக்கி இழுபட்டு, அறுகோணம் கோணலாகும்.

கொக்கி இடங்களை நேராக இருக்கும் குழாயில் குறித்துப் பயனில்லை. ஆரம் என்பது கிடைமட்டத் தூரம், கையோ வளைந்து ஏறுகிறது. முதலில் 20 மீட்டர் கம்பியை மாட்டி, கைகள் இறுதி வடிவத்துக்கு வந்த பிறகு, மையக் கம்பத்திலிருந்து டேப்பைக் கிடைமட்டமாகப் பிடித்து 253, 216 என்று குறித்து, அந்த இடங்களில் கொக்கியாக பி-கிளிப்பை (P வடிவக் கிளிப்) மாட்டுங்கள். டெர்மினல் உயரத்தையும் அதே மட்டத்துக்கு வைத்தால் ஒவ்வொரு பேண்டும் தட்டையாக நிற்கும். 10இலிருந்து தொடங்கி வெளியே போகச் சொல்வோரும் உண்டு, குனிந்து புகுந்து வேலை செய்ய வேண்டாமே என்று. வடிவத்தை நிர்ணயிப்பது 20 என்பதால் எங்கள் ஓட்டு அதற்குத்தான். முதுகு வலிக்கும், உண்மை.

கம்பி பி-கிளிப்புக்குள் தடையில்லாமல் நழுவ வேண்டும். இறுக்கிவிட்டால் ஒரு பக்கம் விண்ணென்று நிற்கும், மறுபக்கம் தொங்கும். முனை இடைவெளியில்தான் கறாராக இருக்க வேண்டும். டிரைவர் முனையும் ரிஃப்ளெக்டர் முனையும் அந்தச் சிறு இடைவெளி வழியாகத்தான் பிணைகின்றன. 10 மீட்டரில் இருப்பதே 30 செ.மீ. இரண்டு செ.மீ. பிசகினால் முன்-பின் விகிதம் (முன்னால் போவதற்கும் பின்னால் கசிவதற்கும் உள்ள விகிதம்) கண்ணுக்குத் தெரிந்து குறையும். முடிச்சுப் போட்ட பிறகு மீண்டும் அளந்து பாருங்கள். முடிச்சு இறுகும்போது கயிறு எப்போதும் கொஞ்சம் வளரும்.

ஏற்றும் முன் ஆன்டெனா அனலைசரையோ நானோவிஎன்ஏ என்ற சிறு அளவுக் கருவியையோ இணைத்துப் பாருங்கள். இந்த உயரத்தில் எண்கள் நம்பத் தகுந்தவை அல்ல, காங்கிரீட் தளத்தின் கம்பிகள் இழுக்கும். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் அலையின் அளவுகோல், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) வரைகோட்டில் ஐந்து பேண்டிலும் ஐந்து பள்ளம் தெரிகிறதா என்பதே கேள்வி. ஒரு பள்ளம் காணவில்லை என்றால் அந்தப் பேண்டின் சோல்டர். எல்லாமே ஒரே விகிதத்தில் தாழ்ந்திருந்தால் கம்பியின் உறை. மேலே போனபின் டிரைவரைச் சில சென்டிமீட்டர் வெட்டி எஸ்டபிள்யூஆர் பள்ளத்தை நகர்த்தலாம், ஆனால் பின்பக்க ஒடுக்கம் எந்த அலைவரிசையில் உச்சம் என்பதை ரிஃப்ளெக்டரே தீர்மானிக்கும். எஸ்டபிள்யூஆர் 1.1 வேண்டும் என்று டிரைவரோடு மல்லுக்கட்டுவது வீண். 1.6க்குள் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கம்பத்தை அடியில் கீல் வைத்துச் சாய்த்து ஏற்றுவது ஒயர் டைபோலுக்கு (நடுவில் பிரித்த ஒற்றைக் கம்பி ஆன்டெனா) சரி. ஹெக்ஸ்பீமுக்கு ஆகாது. கம்பம் படுக்கும்போது 6.6 மீட்டர் அகல ஆன்டெனா செங்குத்தாகி, பாதி தரைக்குள் போக வேண்டியிருக்கும். மாடிப்படி அறைதான் வழி. அதன் சுவரில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு கிளாம்ப், சுவரின் மறுபக்கம் வரை துளைத்துத் தட்டு வைத்து நட் போட்டது. அதில் 2 இஞ்ச் மீடியம் கிளாஸ் ஜிஐ பைப், முழு நீளம் 6 மீட்டர், எடை சுமார் 30 கிலோ. பைப்பைத் தாழ்த்தி, நுனி அறையின் கூரைக்கு மேல் இடுப்புயரம் நிற்கும்படி வைத்து, ரொட்டேட்டரை (ஆன்டெனாவைச் சுழற்றும் மோட்டார்) மாட்டி, ஹெக்ஸ்பீமைக் கூரை மேல் நின்று மூன்று பேர் தூக்கி இறக்கலாம். பிறகு செயின் பிளாக்கில் பைப்பை இரண்டு, இரண்டரை மீட்டர் உயர்த்தி, குறுக்கே பின் போட்டு, கிளாம்பை இறுக்கியாக வேண்டும். காற்று எழும் முன், விடியற்காலையில் தொடங்குங்கள். மின்கம்பி அருகில் இருந்தால், கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஆன்டெனா முனை அதைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இடம் மாற்றுங்கள். இதில் சமரசம் கிடையாது.

ஸ்டே கயிறுகள் ரொட்டேட்டருக்குக் கீழே, நான்கு திசை. ஐஎஸ் 875 என்ற இந்தியக் கட்டுமானத் தரவிதிப்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அழுத்தம் 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம், அதாவது சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன். ஹெக்ஸ்பீம் காற்றுக்குக் காட்டும் பரப்பை அரை சதுர மீட்டர் என்று வைத்தால் கம்ப நுனியில் 75 கிலோ பக்கவாட்டு இழுப்பு, பைப் வாங்கும் காற்று தனி. அதனால் நாலரை அங்குலச் செங்கல் கைப்பிடிச் சுவரில் ஸ்டே கட்டக் கூடாது, சுவரோடு போய்விடும். பில்லர் தலையில் நீட்டி விட்டிருக்கும் கம்பிகள்தான் சரியான இடம். தட்டோடு (சுட்ட மண் ஓடு) பதித்த தளத்தில் துளை போட்டால் அடுத்த மழைக்குக் கீழே படுக்கையறையில் ஒழுகும்.

கோஆக்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம். 28 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டருக்கு ஆர்ஜி-213 சுமார் 1 டெசிபெல் தின்னும், ஆர்ஜி-58 இரண்டரை. ஹெக்ஸ்பீம் டைபோலுக்கு மேல் தரும் ஆதாயமே மூன்றரை டெசிபெல் அளவுதான். ரொட்டேட்டர் அருகே கோஆக்ஸைத் தளர்வாக ஒரு வளையம் விட்டு, கடைசிவரை இரு பக்கமும் சுழற்றிப் பார்த்த பிறகே கட்டுங்கள். பிஎல்-259 கனெக்டருக்குத் தன்னைத்தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதன் மேல் வெயில் தாங்கும் பிவிசி டேப், கீழிருந்து மேலாக, ஓலை வேய்வதைப் போல. வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கோஆக்ஸின் ஷீல்டை எர்த் செய்ய வேண்டும், இடி மின்னல் காலத்தில் ரேடியோவிலிருந்து கழற்றியும் விட வேண்டும்.

திசை வைக்கும்போது திசைகாட்டியை இரும்புக் கம்பத்தருகே பிடிக்காதீர்கள், பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். உருண்டைப் பூமியில் குறுகிய வழியாக, வடக்கிலிருந்து வலமாக எண்ணினால், சென்னையிலிருந்து லண்டன் 320 டிகிரி, டோக்கியோ 56, சிட்னி 128, நியூயார்க் 337. சாதாரண உலக வரைபடத்தைப் பார்த்து அமெரிக்காவுக்கு மேற்கே திருப்புகிறவர்களை இன்னும் பார்க்கிறோம்.

வர்தா மாதிரிப் புயல் அறிவிப்பு வந்தால் பின்னைக் கழற்றி, பைப்பை மாடிப்படி அறை மட்டத்துக்கு இறக்கி, கைகளை நான்கு பக்கமும் கயிற்றால் கட்டிவிடுவோம். வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசியில் மழைக்கு முன், யூ-போல்ட் இறுக்கம், கயிற்றில் பிசிர், டேப்பின் ஓரங்கள். காகம் இன்னொரு தொல்லை. அதற்கு நடுத்தட்டு கூடு கட்ட வசதியான மேடை. நகரத்துக் காகம் சுள்ளியோடு கட்டுக்கம்பித் துண்டுகளையும் கொண்டுவந்து சொருகும். 10 மீட்டர் டெர்மினல் தட்டுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. அந்த ஒரு பேண்டில் மட்டும் எஸ்டபிள்யூஆர் திடீரென்று எகிறினால், அனலைசரை எடுக்கும் முன் பைனாகுலரில் அந்த இடத்தைப் பார்த்துவிடுங்கள்.