கூர்மையை அளக்க ஓர் எண் போதாது

சூரியனைப் பார்க்கும் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிகளைப் பற்றி எழுதுபவர்கள் அவற்றின் பிரிதிறனை, அதாவது அடுத்தடுத்த இரு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும் திறனை, ஆர்க் விநாடியில் ஒரே எண்ணாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஓர் ஆர்க் விநாடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு; சூரியப் பரப்பில் ஏறத்தாழ 725 கிலோமீட்டர். அந்த எண் பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது என்பது என் எண்ணம்.

1992 ஜனவரி 13 அன்று ஜப்பானின் யோகோ விண்கலம் பதிவு செய்த சுடர் வெடிப்பில் (சூரியனில் திடீரென ஆற்றல் வெடித்து வெளிப்படும் நிகழ்வு), காந்த வளையத்தின் இரு அடிகளும் பிரகாசமாக ஒளிர, வளையத்தின் உச்சிக்கும் மேலே மங்கலான மூன்றாவது எக்ஸ்-கதிர் மூலத்தை, அதாவது கதிர் கிளம்பும் இன்னோர் இடத்தை, ஜப்பானிய ஆய்வாளர் மசுதா கண்டறிந்தார். ஆற்றல் வெடித்து வெளிப்படும் இடம் அந்த உச்சியை ஒட்டியே இருக்கிறது என்று கருத இடம் தந்த படம் அது. ஆகவே அடிகளைக் கூர்மையாகக் காட்டுவது மட்டும் போதாது. அவற்றின் ஒளி பரவி உச்சியை மறைக்காமலும் இருக்க வேண்டும். மார்கழிப் பனியில் எதிரே வரும் லாரியின் விளக்கு, அதன் அருகில் வரும் சைக்கிளைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுவதைப் போன்ற சிக்கல்தான் இது.

2002இல் ஏவப்பட்ட நாசாவின் ரெஸ்ஸி விண்கலத்தில் ஆடியே கிடையாது. 1.55 மீட்டர் இடைவெளியில் நிறுத்திய இரண்டிரண்டு உலோகச் சட்டங்கள், மிக நுண்ணியதில் 34 மைக்ரான் இடைவெளியில் கம்பிகள், விண்கலம் நிமிடத்துக்குச் சுமார் 15 சுற்று. அந்தச் சுழற்சியில் கதிர் விட்டுவிட்டு வருவதைக் கொண்டு படத்தைக் கணக்கிட்டார்கள். பிரிதிறன் 2.3 ஆர்க் விநாடி. ஆனால் எல்லா மூலங்களின் கதிர்களும் ஒரே உணரியில் கலந்து விழுவதால், பிரகாசமானதன் அருகே மங்கலானது கணக்கில் கரைந்துபோனது.

2012இல் முதன்முறை பறந்த ஃபாக்ஸி ராக்கெட், கதிரை உண்மையாகவே ஆடியால் குவித்தது. இந்த ஆடி கிண்ணம் போல இருக்காது. கதிர் ஒரு பாகைக்கும் குறைவான சாய்வில் உரசிச் சென்றால்தான் தெறிக்கும் என்பதால், உட்புறம் மெருகேறிய குழாய் போல இருக்கும். எண்ணை மட்டும் பார்த்தால் இது ரெஸ்ஸியை விட மோசம்: நடுப்புள்ளியின் அகலம் சுமார் 5 ஆர்க் விநாடி, கதிர்களில் பாதி அடங்கும் வட்டத்தின் விட்டம் சுமார் 25. ஆனாலும் ஒவ்வொரு மூலத்தின் கதிரும் தனித்தனி இடத்தில் குவிவதால், மங்கலானதைக் காண்பதில் இதுவே முன்னே நின்றது.

அந்த 5க்கும் 25க்கும் இடையிலான தூரத்தைக் குறைப்பதுதான் இன்றைய வேலை. எக்ஸ்-கதிரின் அலைநீளம் மிகச் சிறியது; எனவே குறை ஒளியின் இயல்பில் இல்லை, ஆடியைச் செய்யும் விதத்தில் இருக்கிறது. மெருகிட்ட அலுமினிய அச்சின்மேல் மின்முலாம் முறையில் நிக்கலை மெல்லிய ஓடாகப் படியவிட்டுக் குளிர்விக்கிறார்கள். அச்சு கூடுதலாகச் சுருங்க, ஓடு கழன்று வருகிறது. அச்சில் இருந்த பிழை ஓட்டிலும் அப்படியே பதிந்திருக்கும். உலோகத்தில் தங்கிய இறுக்கத்தால் கழலும்போதும், சட்டத்தில் பொருத்தும்போதும், அது கொஞ்சம் நெளியவும் செய்யும். அச்சை இன்னும் நுட்பமாக மெருகிட்டு, ஓட்டை இறுக்கமின்றிப் பிடிக்கக் கற்றுக்கொண்டதன் பலனாகவே, 2024 ஏப்ரலில் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய நான்காவது ஃபாக்ஸி, முந்தையவற்றை விடக் கூர்மையான ஆடிகளுடன் ஒரு சுடர் வெடிப்பை நேரடியாகப் பார்த்தது.