மார்கழியில் அடை வைத்த கோழி

ஜனவரி 4, 2025, சனி

செவலைக் கோழி அடைக்கு வந்துவிட்டது. முட்டை விட்ட பிறகும் கூடையை விட்டு இறங்குவதில்லை. பக்கத்தில் போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு குர்ரென்கிறது, கையை நீட்டினால் கொத்துகிறது. தூக்கிப் பார்த்தேன். அடிவயிற்றில் இறகு உதிர்ந்து தோல் வெறுமையாக இருக்கிறது, தொட்டால் நல்ல சூடு. முட்டைக்குச் சூடு போவது அந்த இடத்திலிருந்துதான்.

பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்து பார்த்துவிட்டு, "மூக்குல ஒரு இறகைக் குத்தி விடு, அடை தெளிஞ்சு மறுபடி முட்டை விடும்" என்றார். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. மூக்கில் குத்திய இறகோடு அது தலையை உதறிக்கொண்டு திரிவதைப் பார்க்கவே முடியாது. அடை வேண்டாம் என்றால் வேறு வழி இருக்கிறது. அடியில் கம்பி வலை போட்ட கூண்டில், வைக்கோல் எதுவும் வைக்காமல், தீவனமும் தண்ணீரும் கொடுத்து மூன்று நான்கு நாள் விட்டால் வயிற்றில் காற்றுப் பட்டுச் சூடு தணிந்து தெளிந்துவிடும். இதற்கு அதுவும் தேவையில்லை. சிறுவிடைக் கோழி, நன்றாக அடை காக்கிற வம்சம். காலமும் நல்ல காலம்.

ஜனவரி 6, திங்கள்

பொழுது சாய்ந்த பிறகு அடை வைத்தோம். இருட்டில் வைத்தால் கோழி கலையாது. மூங்கில் கூடையில் கீழே மணல், மேலே வைக்கோல், இடையில் நொச்சியும் வேப்பிலையும். பதினொரு முட்டை. கேழ்வரகுக்குள் பதித்து வைத்திருந்தவற்றில் பத்து நாளுக்கு மேற்பட்டதை ஒதுக்கிவிட்டேன். அழுக்காக இருந்தாலும் கழுவவில்லை, கழுவினால் ஓட்டின் மேல் இருக்கிற காப்பு போய்விடும்.

அம்மாயி ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் கொண்டுவந்து முட்டைகளுக்கு நடுவில் வைத்தார். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடுமாம், இரும்பு இருந்தால் தாங்குமாம். இடியால் முட்டை கெடும் என்று நான் நம்பவில்லை. சூடு விட்டுப் போவதும், முட்டை அதிகம் குலுங்குவதும், சேவல் சேராத முட்டையும்தான் காரணம். ஆனாலும் ஆணியை எடுக்கவில்லை. அம்மாயி வைத்த அடையில் குஞ்சு பொரிந்து நாங்கள் வளர்ந்திருக்கிறோம், அது அங்கேயே இருக்கட்டும்.

ஜனவரி 13, போகி

ராத்திரி டார்ச் அடித்து முட்டை பார்த்தேன். முட்டையை உள்ளங்கையில் மூடி, அகலமான முனையில் வெளிச்சத்தை வைத்தால் போதும். பத்து முட்டையில் சிவப்பு நரம்புகள் நாலா பக்கமும் ஓடியிருந்தன, நடுவில் கரும்புள்ளி. ஒரு முட்டை மட்டும் தெளிவாக, மஞ்சள் நிழலோடு சும்மா இருந்தது. அதை எடுத்துவிட்டேன். விட்டு வைத்தால் சூட்டில் அழுகி வெடித்து மற்ற முட்டைகளையும் கெடுத்துவிடும்.

ஜனவரி 20, திங்கள்

பொங்கலுக்கு வந்த கூட்டமெல்லாம் ஊருக்குப் போய்விட்டது, அக்கா மகள் மட்டும் இருக்கிறாள். கோழி ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் இறங்குகிறது. கம்பைக் கொத்தி, தண்ணீர் குடித்து, ஒரு பெரிய எச்சம் போட்டு, அடுப்புச் சாம்பலில் புரண்டுவிட்டுத் திரும்புகிறது. இருபது நிமிடம் இருக்கும். அந்த நேரத்தில் தீவனம் தேடி அலைய விடாமல் பக்கத்திலேயே வைப்பதுதான் நமக்கு முக்கியமான வேலை. இறங்கவே மறுக்கிற கோழியை நாமே தூக்கி விட வேண்டும். இல்லையென்றால் பட்டினி கிடந்து மெலிந்துபோகும்.

இன்று கூடை விளிம்பில் செள்ளு தெரிந்தது. ராத்திரியில் ஏறி ரத்தம் குடிக்கும். தாங்க முடியாமல் கோழி அடையை விட்டே எழுந்து போய்விடும். வைக்கோலை மாற்றி, பழையதை எரித்து, வசம்புப் பொடியை இறகுக்கடியில் தூவி விட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

முட்டையைக் காதில் வைத்தால் உள்ளேயிருந்து கீச்சுக் குரல்! கோழியும் இதுவரை கேட்காத ஒரு தணிந்த குரலில் பதில் கொடுக்கிறது. ஓட்டுக்குள் இருக்கும்போதே தாயின் குரலைக் குஞ்சு பழகிக்கொள்கிறது. இன்குபேட்டரில் நூறு குஞ்சு எடுக்கலாம்தான், இந்தப் பேச்சு அங்கே கிடையாது. இனிமேல் கூடையில் கை வைக்கப் போவதில்லை.

ஜனவரி 27, திங்கள்

விடிவதற்குள் ஆறு குஞ்சு. மத்தியானத்துக்குள் எட்டு. ஒரு முட்டையில் சிறு ஓட்டை மட்டும் விழுந்து, காலையிலிருந்து அப்படியே நின்றது. அக்கா மகள் அழாத குறை. "நான் மெதுவா உரிச்சு விடறேன் மாமா, மூச்சு முட்டிச் செத்துப்போயிரும்."

அவளை உட்கார வைத்துச் சொன்னேன். ஓட்டை போட்டதிலிருந்து குஞ்சுக்குக் காற்று கிடைக்கிறது, மூச்சு முட்டாது. இந்த நேரத்தில் அது சும்மா இல்லை. உள்சவ்வில் ஓடுகிற ரத்தத்தைத் தன் உடம்புக்குள் வாங்கிக்கொள்கிறது, மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அது முடிவதற்குள் நாம் உரித்தால் ரத்தம் கொட்டும், தொப்புள் மூடாமல் வெளியே வரும். ஓட்டை விழுந்து ஒரு நாள்கூட ஆகலாம்.

அவள் கூடைக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தாள். ராத்திரி பத்து மணிக்கு அவள் கத்திய கத்தலில் வீடே எழுந்துவிட்டது. ஒன்பதாவது குஞ்சு. மிச்சம் ஒரு முட்டை கூமுட்டை.

ஜனவரி 28, செவ்வாய்

"குஞ்சு பட்டினியா இருக்குதே" என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும். கடைசிக் குஞ்சு பொரியும் வரை தாய் அடையிலேயே இருக்க முடிவது அதனால்தான். சாயங்காலம் தாயே இறங்கியது, பின்னாலேயே ஒன்பதும். தட்டில் கூழாங்கல் போட்டுக் கருப்பட்டித் தண்ணீர் வைத்தேன். கல் இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து மூழ்கிவிடும். அப்புறம் நொய்யும் கம்புக் குருணையும். தாய் ஒவ்வொன்றையும் கொத்தித் தூக்கிப் போட்டுக் கூப்பிட்டுக் காட்டியது. ராத்திரி பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே கல் வைத்தேன். கீரி நடமாட்டம் இருக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

லசோட்டா சொட்டு மருந்து. வெள்ளைக் கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்து இது. அந்த நோய்க்கு வைரஸ் காரணம், வந்த பிறகு மருந்து கிடையாது. தடுப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. நூறு குஞ்சுக்கான குப்பியை ஒன்பது குஞ்சுக்காக உடைப்பது வீண், கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதனால் தெருவில் சொல்லி வைத்திருந்தேன். கூடையும் அட்டைப்பெட்டியுமாக வாசல் நிறைந்துவிட்டது. ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்து, கண்ணில் ஒரு சொட்டு, கண்ணைச் சிமிட்டும் வரை பிடித்திருந்து விட வேண்டும். பெரிய கோழிகளுக்குக் கால்நடைத் துறை பிப்ரவரியில் நடத்தும் முகாமில் ஊசி போட்டுக்கொள்ளலாம். குஞ்சுகளுக்கு இன்னும் வயதாகவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

வல்லூறு ஒரு குஞ்சைத் தூக்கிவிட்டது. கடைசியாகப் பொரிந்த அதே குஞ்சு. தாய் எச்சரிக்கைக் குரல் கொடுத்ததும் மற்றதெல்லாம் வேலிக்கடியில் அசையாமல் ஒடுங்கிவிட்டன. இது வெட்டவெளியில் மாட்டிக்கொண்டது. தாய் எகிறிப் பாய்ந்து அடித்தும் பலனில்லை. ஊருக்குத் திரும்பிவிட்ட பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பழைய மீன் வலையை வாங்கிக் களத்து ஓரத்தில் பந்தலாகக் கட்டினேன், அங்கங்கே முள் குவித்து வைத்தேன், பதுங்க இடம் வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

நேற்று ஒரு குஞ்சு இறகைத் தொங்கப் போட்டு நின்றது, எச்சத்தில் ரத்தம். ரத்தக் கழிச்சல். பெரும்பாலும் மூன்று நான்கு வார வயதில் இது தலைகாட்டும், தரை ஈரமாக இருந்தால் வேகமாகப் பரவும். கால்நடை மருத்துவர் ஆம்ப்ரோலியம் பொடி எழுதிக் கொடுத்தார், எல்லாக் குஞ்சுக்கும் தண்ணீரில் கலந்து வைக்கிறேன். பஞ்சாரம் இருந்த இடத்து மண்ணைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு போட்டாயிற்று. இன்று அந்தக் குஞ்சு கொஞ்சம் இரை எடுத்தது.

கறையான் பானையும் பலன் கொடுக்கிறது. காய்ந்த சாணமும் நனைத்த சாக்குத் துணியும் திணித்து, சாயங்காலம் செம்மண்ணில் கவிழ்த்து வைத்தால் விடிகாலையில் பானை நிறையக் கறையான். குஞ்சுகள் வளர்கிற வேகத்துக்கு இந்தப் புரதம் நொய்யில் வராது.

மார்ச் 24, திங்கள்

தாய் குஞ்சுகளைக் கொத்தி விரட்ட ஆரம்பித்துப் பத்து நாள் இருக்கும். கொண்டை சிவந்துவிட்டது, மறுபடி முட்டைக்கு வருகிறது. எட்டும் தனியாக மேய்கின்றன. மூன்று சேவல், ஐந்து பெட்டை என்று அம்மாயி சொல்கிறார். எட்டு வாரம் முடிந்ததால் இன்று இறக்கைக்கடியில் வெள்ளைக் கழிச்சல் ஊசி போட்டு வந்தேன்.

கருப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. சித்திரை வெயிலில் வெளியே வைத்த முட்டையே கெட்டுப்போகும், பொரித்தாலும் குஞ்சுகளுக்கு அம்மை போடும். அதைக் கம்பிக் கூண்டில் விட்டிருக்கிறேன். ஆடிக் காற்று அடங்கட்டும், அதற்கும் ஒரு கூடை வைக்கலாம்.